வாரம் ரெண்டு தடவ வால்பாறை ஏறணும், என்ன வண்டி எடுக்கலாம்?

மக்களே ஒரு ஹெல்ப். நமக்கு டீ ஃபேக்டரில மெஷின் சர்வீஸ் பண்ற வேலை, வாரத்துல ரெண்டு தடவ பொள்ளாச்சில இருந்து வால்பாறை ஏறி இறங்கணும், ஒரு சைடு 64 கிலோமீட்டர் வரும், ஆழியார் தாண்டுனா 40 ஹேர்பின். இப்போ இருக்கறது 2013 மாடல் 1.3 டீசல் ஸ்விஃப்ட், டர்போ பிடிச்சிருச்சுன்னா செகண்ட் கியர்லயே அசால்ட்டா ஏறும், ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனா 2028ல ஆர்சி 15 வருஷம் முடியுது, மாருதி 2020 ஏப்ரலோட டீசலையே நிறுத்திட்டாங்க, அதனால இதே மாதிரி புதுசா எடுக்க வழியில்ல.

மச்சான் எலக்ட்ரிக் எடுன்றான். இறங்கறப்போ ரீஜென்ல (வேகத்த கொறைக்கறப்போ மோட்டரே பேட்டரிய சார்ஜ் பண்றது) கொஞ்சம் சார்ஜ் திரும்ப ஏறும், பிரேக்கும் ரொம்ப சூடாகாது, அதெல்லாம் சரிதான் (நியூட்ரல்ல விட்டு இறங்கி பிரேக்க கருக்கற டூரிஸ்ட்டுங்களுக்கு மொதல்ல அதத்தான் குடுக்கணும்). ஏறும்போது எவ்ளோ குடிக்கும், அதான் பயம். சிஎன்ஜின்னா சிலிண்டர் டிக்கிய முழுங்கிரும், என் டூல் பாக்ஸ மடியிலயா வச்சிட்டு போறது? டர்போ இல்லாத 1.2 பெட்ரோல் ஒன்னு ஓட்டிப் பாத்தேன், நாலு பேரு ஏறி ஏசி போட்டதும் வளைவுக்கு வளைவு ஃபர்ஸ்ட் கியர் கேக்குது.

மலை ரோட்டுல ரெகுலரா எலக்ட்ரிக்கோ டர்போ பெட்ரோலோ ஓட்டறவங்க யாராச்சும் இருந்தா ஆழியார்ல இருந்து மேல போறதுக்கு எத்தன பர்சென்ட் சார்ஜ் போச்சு, பெட்ரோல்னா நெஜ மைலேஜ் என்னனு சொல்லுங்க, ஷோரூம் கணக்கு வேணாம். பட்ஜெட் 12 லட்சம், மேனுவலா இருந்தா சந்தோஷம்.