தத்துப்போன ரஷ்யப் பிள்ளைகளின் காகிதக் கட்டு: கண்ணில் நின்றுபோனவை

வைகைக்கரை:
ரஷ்யாவில் பிறந்து அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தத்துப்போன பிள்ளைகள் வளர்ந்தபின் தங்கள் தாள்களையும் வேரையும் தேடுகிறார்கள். அவர்களுக்கு உதவும்போது கண்ணில் பட்டதை இங்கே எழுதுகிறேன். ஒஹாயோவில் வளர்ந்த பெண். பிறந்தது ரஷ்யா, ஒன்றரை வயதில் தத்து. ரஷ்யக் குடியுரிமை இன்னும் இருக்கிறதா என்று பார்க்க ரஷ்யத் தூதரகத்தில் கொடுத்த தாள்கள் திரும்பி வந்துவிட்டன. "இவை இரண்டு வேறு ஆட்களுடையவை" என்று காரணம் சொல்லியிருந்தார்கள். ரஷ்யப் பிறப்புச் சான்றிதழில் 03.04.1998. அமெரிக்க மாநிலம் கொடுத்ததில் மார்ச் 4. ரஷ்யாவில் நம் ஊர் மாதிரியே நாள் முன்னே, மாதம் பின்னே. அமெரிக்காவில் மறுபடி தத்தெடுத்துப் பதிந்தபோது மொழிபெயர்த்தவர் அமெரிக்க வழக்கப்படி மாற்றிப் படித்துவிட்டார். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு மாதம் முன்னாலேயே கேக் வெட்டியிருக்கிறாள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த 03-ஐயும் 04-ஐயும் விரலால் மாறி மாறித் தொட்டுக்கொண்டே இருந்தாள். பேசவே இல்லை.

சரிசெய்யும் வழி: மறுதத்து ஆணை கொடுத்த அதே நீதிமன்றத்தில் திருத்த மனு போட வேண்டும். கூடவே ரஷ்யப் பிறப்புச் சான்றிதழ், ரஷ்ய நீதிமன்றத் தீர்ப்பு, இரண்டுக்கும் புதிதாகச் செய்த மொழிபெயர்ப்பு. அதில் மாதத்தை எண்ணால் எழுதாமல் "ஏப்ரல்" என்று எழுத்தால் எழுதச் சொல்லுங்கள். திருத்திய ஆணை கையில் வந்தபிறகு மாநிலப் பிறப்புப் பதிவு, அதன்பின் குடியுரிமைச் சான்றிதழும் சோஷியல் செக்யூரிட்டி (அரசின் சமூகப் பாதுகாப்பு எண்) பதிவும், கடைசியில் பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டை முதலில் தொட்டால் எந்தத் தேதியை ஆதாரமாகக் காட்டுவது என்று அங்கேயே நின்றுவிடும்.

உங்கள் கண்ணில் பட்டதையும் எழுதுங்கள்.

கூர்ஸ்க் டாக்டர்:
அக்கா, மருத்துவத் தாளில் நடப்பதைச் சொல்கிறேன். பத்தொன்பது வயதுப் பையன். குழந்தைகள் இல்லம் கொடுத்த மருத்துவச் சுருக்கத்தில் "பெரினாட்டல் என்செஃபலோபதி" (பிறப்பையொட்டி வந்த மூளைப் பாதிப்பு) என்று இருந்தது, ரஷ்யச் சுருக்கெழுத்தில் பெப். ஆங்கிலத்தில் தேடிப் பார்த்துவிட்டு, தனக்கு மூளையில் பாதிப்பு இருக்கிறது, அதைப் பெற்றோர் மறைத்துவிட்டார்கள் என்று நம்பிவிட்டான். வளர்த்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறார். அவன் அவர் முகத்தைப் பார்க்காமல் தாளையே பார்க்கிறான்.

ரஷ்யாவில் மருத்துவம் படித்த நம்மவர்கள் இதை வார்டில் தினமும் பார்த்திருப்பார்கள். பிரசவத்தில் கொஞ்சம் சிரமம், தாய்க்கு ரத்தச்சோகை, குழந்தை கொஞ்சம் துவளல் என்றாலே இதை எழுதிவிடுவார்கள். எழுதப்பட்ட பிள்ளைகளில் மிகப் பலர் ஒரு வயதில் சாதாரணமாக நடந்தவர்கள். அதே தாளில் கவனமாகப் படிக்க வேண்டியவை வேறு: பிறப்பு எடை, அப்கார் மதிப்பெண் (பிறந்தவுடன் குழந்தையின் நிலைக்குப் போடுவது, 7/8 மாதிரி இரண்டு எண்ணாக இருக்கும்), ஆர்.டபிள்யூ. என்று போட்டிருக்கும் தாயின் சிபிலிஸ் சோதனை, ஹெபடைடிஸ் முடிவுகள், தாயின் குடிப்பழக்கம் பற்றிய வரி. கடைசி இரண்டும் இன்றைக்கும் அவன் உடம்போடு தொடர்புடையவை. பெப் அப்படியில்லை.

தெளிதேன்:
அப்பாவைத் தேடினான் ஒருவன். பேர் செர்கேய் என்று தெரியும், ஏனென்றால் அவனுடைய பழைய பிறப்புப் பதிவில் தந்தைவழிப் பெயர் செர்கேயெவிச். விகே என்ற ரஷ்யச் சமூக வலைத்தளத்தில் அந்த ஊரில், அம்மாவின் குடும்பப் பெயரோடு, வயது பொருந்துகிற செர்கேய்களுக்கெல்லாம் எழுதிவிட்டான். நாற்பதுக்கு மேல். ஒருவர்கூட இல்லை.

தத்துத் தீர்ப்பின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி கிடந்தது: தந்தை பற்றிய விவரம் "தாயின் சொற்படி" பதியப்பட்டது, படிவம் எண் 25. யாரும் அதை மொழிபெயர்க்கவில்லை, அலுவலகச் சொல் என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பொருள்: அம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, யாரும் தந்தை என்று ஒப்புக்கொள்ளவில்லை. அப்போது ரஷ்யக் குடும்பச் சட்டத்தின் 51-ஆம் பிரிவுப்படி தந்தையின் குடும்பப் பெயராக அம்மாவின் குடும்பப் பெயரையே போடுவார்கள். சொந்தப் பெயர் அம்மா சொல்வது. அவர் உண்மையான பெயரையும் சொல்லலாம், தன் அப்பா பெயரையும் சொல்லலாம், வாயில் வந்ததையும் சொல்லலாம். அந்த செர்கேய் ஒரு ஆளே இல்லாமல் இருக்கலாம்.

அந்த வரியைப் படித்துச் சொன்னதும் அவன் கேட்டது: "அப்போ என் பேர்ல பாதி யாருடையது?"

தீர்ப்பு நகல் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் படியுங்கள். பிறப்புச் சான்றிதழ் தத்துக்குப் பிறகு புதிதாக அடிக்கப்பட்டது, அதில் வளர்த்தவர்கள்தான் பெற்றோர். பெற்றவள் பெயர், அவளே எழுதிக் கொடுத்தாளா, உரிமை பறிக்கப்பட்டதா, அண்ணன் தம்பி உண்டா என்பதெல்லாம் பெரும்பாலும் தீர்ப்பில் இருக்கும். அண்ணன் தம்பியைத் தேடும்போது ஒன்று கவனியுங்கள்: அம்மா இவானோவா என்றால் மகன் இவானோவ். கடைசி ஆ-வோடு பையனைத் தேடினால் ஆயுசுக்கும் கிடைக்காது.

நீதிவழி:
வைகைக்கரை அவர்களே, தேதி விஷயம் சரி. ஆனால் அந்தப் பெண்ணை முதலில் தூதரகப் படியேற விட்டது சரியில்லை. தவறாக நினைக்காதீர்கள், இதே அவசரத்தில் இன்னொரு பையன் சிக்கிக்கொண்டதால் சொல்கிறேன். 26 வயது, பிறந்த ஊரைப் பார்க்க விசா கேட்டான். "நீங்கள் எங்கள் குடிமகன், உங்களுக்கு விசா கிடையாது" என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைச் சந்தோஷமாகக் கொண்டுவந்து காட்டினான். தன்னை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

அவர்கள் சொன்னது சட்டப்படி சரி. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு தெளிவாக இருந்தது: வெளிநாட்டவர் தத்தெடுத்தாலும் ரஷ்யக் குழந்தையின் குடியுரிமை போகாது, தத்தெடுத்தவர்கள் தனியாக விண்ணப்பித்தால்தான் போகும், அதுவும் பிள்ளை நாடற்றவன் ஆகாது என்றால் மட்டும். 2023 அக்டோபர் 26 முதல் புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பெற்றோர் விண்ணப்பிக்காதவரை பிள்ளை குடிமகன்தான். கையில் இருக்கும் பழைய சிவப்பு பாஸ்போர்ட் ஐந்து வருஷத்தில் காலாவதியாகியிருக்கும். குடியுரிமை காலாவதியாகாது.

இதன் விளைவுகள்: ரஷ்யாவுக்குள் போகவும் வெளியே வரவும் ரஷ்ய பாஸ்போர்ட் வேண்டும். உள்ளே போனால் அமெரிக்கக் குடியுரிமையை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஆண் என்றால் கட்டாய ராணுவச் சேவை வயது 18 முதல் 27 வரை இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் 30 வரை. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களை ராணுவத்தில் சேர்க்கக்கூடும் என்று அமெரிக்க வெளியுறவுத்துறையே பயண எச்சரிக்கையில் எழுதியிருக்கிறது. ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் எதற்குக் குடியுரிமை என்று அவர்களே முடிவு செய்யட்டும். வேண்டும் என்றால்தான் சரிபார்ப்பு விண்ணப்பம். வேண்டாம் என்றால் அதைக் கைவிடுவதற்குத் தனி நடைமுறை உண்டு, வரிப்பாக்கி இல்லை என்பது உட்படச் சான்றுகள் கேட்பார்கள். எதுவும் செய்யாமல் சும்மா இருப்பதும் ஒரு முடிவுதான். வேரைத் தேட பாஸ்போர்ட் தேவையில்லை. சான் பிரான்சிஸ்கோ ரஷ்யத் துணைத் தூதரகம் 2017-லும் சியாட்டில் 2018-லும் மூடப்பட்டன, மேற்குக் கரைப் பிள்ளைகள் ஹூஸ்டன் வரை போய் வருகிறார்கள். அவ்வளவு தூரம் போகும் முன் யோசிக்க வைப்பது உதவுபவர்களின் கடமை.

தெளிதேன்:
நீதிவழி அண்ணா, ஆபத்தைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. "வேரைத் தேட பாஸ்போர்ட் தேவையில்லை" என்பதில்தான் ஒத்துப்போக முடியவில்லை. சிலருக்கு அந்தச் சிவப்பு அட்டைதான் வேர். போகப் போவதில்லை, ராணுவ வயதும் இல்லை. தன் பெயர் அந்த எழுத்தில் அச்சாகிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் சின்ன விஷயம் என்று தள்ள வேண்டாம்.

அலுவலகப் பக்கம் ஒன்று சேர்க்கிறேன். பிறப்புப் பதிவு செய்யும் ஸாக்ஸ் அலுவலகத்துக்குப் பிள்ளை தானே எழுதினால் மறுப்புதான் வரும். தத்து ரகசியம் சட்டத்தில் இருக்கிறது, வெளியே சொல்லும் ஊழியர் மீது குற்ற வழக்கே வரலாம். பிள்ளைக்கு முப்பது வயதானாலும், தத்தெடுத்தவர்களின் சம்மதம் இல்லாமல் சொல்லக்கூடாது என்பது விதி. ஆகவே வளர்த்த அம்மா அப்பாவிடம் சம்மதக் கடிதம் வாங்குங்கள். நோட்டரி, மாநிலச் செயலர் அலுவலகத்தின் அபோஸ்டீல் (தாள் வெளிநாட்டில் செல்லுபடியாகத் தரும் சான்று), அதன்பின் ரஷ்ய மொழிபெயர்ப்பு, இந்த வரிசையில். அபோஸ்டீலுக்கு முன்பே மொழிபெயர்த்தால் அபோஸ்டீல் தாள் மொழிபெயர்ப்பில் இருக்காது, திருப்பி அனுப்புவார்கள். பலருக்கு அலுவலகத்தைவிட அம்மாவிடம் போய் அந்தக் கையெழுத்தைக் கேட்பதுதான் கஷ்டம்.

நியூஜெர்சி:
சுருக்கமாக. எல்லோரும் ரஷ்யப் பக்கமே பார்க்கிறீர்கள். அமெரிக்கக் குடியுரிமை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு பெண், பழைய ரஷ்ய பாஸ்போர்ட்டில் ஐ.ஆர்-4 விசா, தத்துப் பிள்ளைகளுக்கு அமெரிக்கா தரும் வகைகளில் ஒன்று. தத்தெடுக்கும் முன் பெற்றோரில் ஒருவர் மட்டும் போய்க் குழந்தையைப் பார்த்திருக்கிறார். அப்படி வந்தால் அமெரிக்காவில் மறுதத்து செய்தோ, மாநிலம் அந்தத் தத்தை ஏற்றுக்கொண்டோ இருக்க வேண்டும், அதுவும் 18 வயதுக்குள். இவளுக்கு யாரும் செய்யவில்லை. 25 வயதில், வேலைக்குச் சேரும் நாளில்தான் தெரிந்தது. பெற்றோர் இருவருமே பார்த்திருந்தால் தரும் ஐ.ஆர்-3 என்றால் 2001 பிப்ரவரி 27-இல் நடப்புக்கு வந்த சட்டப்படி தானாகவே குடியுரிமை வந்திருக்கும், 2004-லிருந்து சான்றிதழும் தபாலில் வந்தது. அதற்கு முன் வந்தவர்கள் சான்றிதழ் கேட்டு என்-600 படிவம் போட வேண்டும், எந்த வயதிலும் போடலாம். சான்றிதழ் இருந்தும் சோஷியல் செக்யூரிட்டிப் பதிவில் இன்னும் வெளிநாட்டவர் என்றே கிடக்கும் பிள்ளைகள் நிறைய. நேரில் போய் மாற்றச் சொல்ல வேண்டும்.

வைகைக்கரை:
நீதிவழி அண்ணா, ஏற்றுக்கொள்கிறேன். எதற்குக் குடியுரிமை என்ற கேள்வி அந்தப் பெண்ணிடம் முதலில் கேட்கப்படவில்லை. இப்போது கேட்டாகிவிட்டது. பாஸ்போர்ட் வேண்டாமாம், அக்காவைக் கண்டால் போதுமாம்.

2013 ஜனவரி 1 முதல் அமெரிக்கர்களுக்குத் தத்து நின்றுபோனது, கடைசியாக வந்த பிள்ளைகளே இப்போது பதின்ம வயதுக்கு வந்துவிட்டார்கள். இனி வரும் கேள்விகள் எல்லாம் அவர்களுடையதுதான்.

தீர்ப்பில் அக்கா பெயர் இருந்தது. ஒத்னோகிளாஸ்னிகி என்ற ரஷ்யச் சமூக வலைத்தளத்தில் அக்காவுக்கு முதல் செய்தி போனது. "தத்து" என்ற சொல்லே இல்லாமல், அந்த வீட்டில் யாருக்கு என்ன தெரியும் என்று நமக்குத் தெரியாதே: "வணக்கம், 1998-இல் பிறந்த யூலியாவின் உறவினர்களைத் தேடுகிறோம், உங்களுக்குத் தெரியுமா?" நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் எழுத்து எதுவும் இல்லாமல் ஒரு படம் மட்டும் வந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படம், தொட்டிலுக்குள் துணி சுற்றிய குழந்தை. பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கையெழுத்தில், பேனாவால், மாதத்தை எண்ணால் போடாமல்: யூல்யா, 3 ஏப்ரல்.