மாலெவிச் கடைசில முகம் வரைஞ்சது சரணாகதியா?

கரிசல்மண்:
ரஷ்யால வேலை செஞ்ச ஓவியர் மாலெவிச்சோட 1933 சுயஓவியத்த நேத்து பெரிய ஸ்கிரீன்ல போட்டுப் பார்த்தேன், மனசே ஆறல. 1915 டிசம்பர்ல பெட்ரோகிராட் கண்காட்சில கறுப்புச் சதுரத்த, அதாவது வெள்ளைப் பின்னணில வெறும் கறுப்புக் கட்டம் மட்டும் இருக்கற படத்த, ரஷ்ய வீடுகள்ல சாமி படம் மாட்டுற மூலைல உச்சில மாட்டி வச்சவர். மனுஷன், மரம், ஜாடி எதுவும் இனி ஓவியத்துக்கு வேணாம்னு நின்னவர். அவரே கடைசில மறுமலர்ச்சிக் கால இத்தாலிக்காரன் மாதிரி தொப்பியும் உடுப்பும் மாட்டிக்கிட்டு அச்சு அசலா மூஞ்சி வரைஞ்சிருக்கார். 1930ல சோவியத் போலீஸ் பிடிச்சிட்டுப் போய் விசாரிச்சாங்க, 1932ல கம்யூனிஸ்ட் கட்சி எல்லா கலைஞர் குழுவையும் கலைச்சுது, அடுத்த வருஷம் இந்தப் படம். இது சரணாகதி இல்லாம வேற என்னங்க? அவர நான் குத்தம் சொல்லல, உயிர்பயம் எல்லாருக்கும் உண்டு. ஆனா அதப் போய் முதிர்ச்சி, பரிணாமம்னு பேர் வைக்காதீங்க.

செவ்வந்தி:
அண்ணே, வருஷக் கணக்கு இடிக்குதே. உருவத்துக்கு அவர் திரும்புனது கைதுக்கு அப்புறம் இல்ல. 1928, 29லயே வயக்காட்டு விவசாயிகள வரைய ஆரம்பிச்சுட்டார். 1929ல மாஸ்கோ திரெத்யகோவ் கேலரில தனிக் கண்காட்சி வச்சப்ப அந்தப் படமெல்லாம் இருந்துச்சு. பழைய கறுப்புச் சதுரம் வெடிப்பு விட்டுக் கெட்டுப்போச்சுன்னு அதே கண்காட்சிக்காக இன்னொரு சதுரமும் வரைஞ்சு குடுத்தார். சதுரத்த கைவிட்டவர் செய்யற வேலையா அது?

கரிசல்மண்:
அந்தக் கண்காட்சிய நீங்களே எடுத்தது நல்லதாப் போச்சு. புதுசா வரைஞ்ச படத்துல 1909, 1910னு பழைய வருஷம் போட்டுக் காட்டுனாரே, அது எந்த நேர்மை? தன்னோட சரித்திரத்தையே திருத்தி எழுதுறவர நான் எப்படி நம்புறது?

நீலாம்பல்:
தேதி மாத்துனது உண்மைதான், எனக்கும் அது உறுத்தும். ஆனா காரணத்தையும் பாருங்க. 1927ல பெர்லினுக்கு எடுத்துட்டுப் போன படங்கள அங்கயே விட்டுட்டு அவசரமா ஊர் திரும்ப வேண்டியதாயிடுச்சு, அப்புறம் சாகுற வரைக்கும் வெளிநாடு போகவே முடியல. ஆரம்ப கால வேலையில பாதி கைல இல்லாம எப்படி முழு வாழ்க்கையையும் காட்டுறது? போன இடத்த நிரப்பத்தான் மறுபடி வரைஞ்சார்னு நான் நினைக்கிறேன். இன்னொண்ணு, பிக்காசோவும் உருவத்த உடைச்சு வரையுற க்யூபிசத்த உச்சிக்குக் கொண்டு போனதுக்கு அப்புறம் 1918ல தன் மனைவி ஓல்கா நாற்காலில உக்காந்திருக்கறத பழைய மாஸ்டர் மாதிரி வரைஞ்சார். அவர எந்த போலீஸும் மிரட்டல. முகத்துக்குத் திரும்பணும்னு ஒரு ஓவியனுக்குத் தானாவே தோணலாம்.

கரிசல்மண்:
பாரிஸ்ல இருந்தவரையும் லெனின்கிராட்ல இருந்தவரையும் ஒரே தராசுல வைக்காதீங்க மேடம். பிக்காசோ திரும்பி எந்தப் பக்கம் வேணா போகலாம், மறுபடி உருவத்த உடைக்கலாம், உடைக்கவும் செஞ்சார். இவருக்குக் கதவு ஒண்ணுதான் திறந்திருந்துச்சு.

செவ்வந்தி:
கதவு ஒண்ணுதான்னு ஒத்துக்கிறேன். அதுக்குள்ள போனவர் என்ன செஞ்சார்னு பாருங்கன்னுதான் கெஞ்சுறேன். நான் போர்ட்ரெய்ட் வரையுறவ, காசுக்கு கல்யாண ஜோடியெல்லாம் வரைஞ்சு குடுப்பேன். முகம் எப்படியாவது வந்துடும், கைய எங்க வைக்கறதுன்னுதான் உயிர் போகும். அதனால யார் படத்தப் பார்த்தாலும் மொதல்ல கைக்குத்தான் என் கண்ணு போகும். 1933ல இவர் வரைஞ்ச பெண் தொழிலாளி படத்துல ரெண்டு கையும் மடிஞ்சிருக்கற விதம் பச்சக்குழந்தைய ஏந்துற விதம். குழந்தையத்தான் காணோம். மாதா படம் பார்த்து வளர்ந்த யாருக்கும் அந்தக் கை என்னன்னு தெரியும், சாமியே கூடாதுன்னு சொன்ன ஆட்சில அத வரைஞ்சிருக்கார். சுயஓவியத்துல வலது கைய விரிச்சு, விரலெல்லாம் ஒட்டி நேரா, கட்டைவிரல மட்டும் தூக்கி வச்சிருக்கார், ஒரு பலகையோட ஓரத்தப் பிடிச்ச மாதிரி. பிடிக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல. எனக்கு அது அந்தச் சதுரம்தான். அப்புறம் படத்தோட கீழ் மூலைய ஜூம் பண்ணிப் பாருங்க. கையெழுத்து இருக்க வேண்டிய எடத்துல குட்டியா ஒரு கறுப்புச் சதுரம்.

கரிசல்மண்:
பார்த்தேன். அந்தச் சதுரத்த நேத்து நான் கவனிக்கவே இல்ல, அத ஒத்துக்கறேன். ஆனா 79 சென்டிமீட்டர் அளவுல சுவர்ல கம்பீரமா நின்னது நகத்தளவு ஆகி ஓரத்துல ஒளிஞ்சிருக்கறதப் பார்த்தா எனக்கு இன்னும் வயித்தெரிச்சல்தான் கூடுது. ஜெயிச்சவன் ஒளிச்சு வைக்க மாட்டான்.

நீலாம்பல்:
ஜெயிச்சார்னு இங்க யாருமே சொல்லலையே. விட்டுக்குடுத்தாரா இல்லையாங்கறதுதான பேச்சு. 1935 மே மாசம் புத்துநோய்ல செத்தப்ப அவர் கட்டிலுக்கு மேல செவுத்துல கறுப்புச் சதுரம் மாட்டியிருந்துச்சு, போட்டோவே இருக்கு. மாஸ்கோ பக்கத்துல நெம்சினோவ்கா கிராமத்துல புதைச்ச எடத்துல வெள்ளைக் கல்லறைக் கனசதுரத்துலயும் கறுப்புச் சதுரம்தான் போட்டாங்க.

கரிசல்மண்:
கல்லறைல வச்சது சீடர்கள். கட்டிலுக்கு மேல இருந்தது அவர் வீட்டுச் சுவரு, அதுக்கு நான் பதில் யோசிக்கணும். அந்தப் பெண் தொழிலாளி படம் பெரிய சைஸ்ல இருந்தா லிங்க் குடுங்க செவ்வந்தி, கைய நானும் ஒருக்கா பார்த்துட்டு வர்றேன்.