கையில் வந்த வளையம் எந்தப் பிரிவுக்குரியது?

ரயில் பாதையின் கைகாட்டிகளை (சிக்னல்களை) பற்றிப் பலர் விரிவாக எழுதிவிட்டதால், ஒற்றைப் பாதையில் ஓடும் ரயில் வண்டிக்கு உயிர்நாடியான, முன்னே செல்ல அனுமதியாக டிரைவர் கையில் தரப்படும் டோக்கனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பர்மாவில் ரங்கூனிலிருந்து மாண்டலே செல்லும் முதன்மைப் பாதை இரட்டைப் பாதை. பெகுவில் அதிலிருந்து பிரிந்து, சித்தாங் ஆற்றைக் கடந்து, தட்டோன் வழியாக மர்த்தபான் செல்வதோ ஒற்றைப் பாதை. 2005இல் சல்வீன் ஆற்றுப் பாலம் திறக்கப்படும் வரை, அக்கரையிலுள்ள மோல்மேனுக்குச் செல்லும் பயணிகள் மர்த்தபானில் இறங்கிப் படகேற வேண்டியிருந்தது. நான் சொல்லப்போகும் நிகழ்ச்சி அந்தக் காலத்தில், உதவி டிரைவராக நான் வேலை பார்த்தபோது நடந்தது.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் கம்பியால் இணைக்கப்பட்ட டோக்கன் கருவிகள் இருக்கும். ஒரு நிலைய அதிகாரி மணியடித்துக் கேட்டு, மறுமுனையில் இருப்பவர் தம் கருவியின் மூலம் இசைவு தந்தால்தான் இங்கே ஒரு டோக்கன் வெளியே வரும். அப்படி ஒன்று வெளியே வந்துவிட்டால், அது இரண்டு கருவிகளில் ஒன்றுக்குள் திரும்பச் செல்லும் வரை இரு முனைகளிலும் வேறொரு டோக்கனை எடுக்க முடியாது. ஆகவே இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட ஒரு பிரிவுக்குள் ஒரே நேரத்தில் ஒரு டோக்கன், ஒரு வண்டி. அந்த டோக்கனைத் தோல்பைக்குள் வைத்துப் பெரிய வளையம் ஒன்றில் கட்டித் தருவார்கள். நில்லாமல் போகும் வண்டியானால், வளையத்துக்குள் முழங்கை வரை கையை நுழைத்து வாங்க வேண்டும். மழைக்காலத்தில் நனைந்த வளையம் தோளில் வந்து அடிக்கும் வலியை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

கருவி இவ்வளவு கச்சிதமானது என்பதாலேயே, பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வளையத்தைக் கொக்கியில் மாட்டிவிடும் பழக்கம் பலருக்கு வந்துவிடுகிறது. என்னுடன் ஓடிய டிரைவர் தட்டோன் பக்கத்துத் தமிழர். அவரிடம் அந்தப் பழக்கம் செல்லாது. பையைத் திறந்து, டோக்கனை வெளியே எடுத்து, அதில் பொறித்திருக்கும் இரண்டு நிலையங்களின் பெயர்களையும் நான் உரக்கப் படிக்க வேண்டும். அவர் அதைத் தம் கண்ணால் பார்த்துத் திருப்பிச் சொல்வார். அதன் பிறகுதான் பிரேக்கை விடுவிப்பார். பகலென்றும் இரவென்றும், தாமதமென்றும் நேரமென்றும் அவருக்கு வேறுபாடு கிடையாது.

ஒரு மழை இரவில், எதிர்வண்டியைக் கடக்கவிடுவதற்காகச் சிறிய நிலையம் ஒன்றின் லூப் லைனில் (மெயின் லைனை ஒட்டிய பக்கப் பாதையில்) நின்றோம். அங்கே புறப்பாட்டுக் கைகாட்டி கிடையாது. கையில் வரும் டோக்கன்தான் முன்னே செல்வதற்கான அதிகாரம். நாங்கள் கொண்டுவந்த பையை, பாதை மாற்றும் ஊழியரான பாயிண்ட்ஸ்மேன் வாங்கிச் சென்று அலுவலக மேசைமேல் வைத்துவிட்டு, எதிர்வண்டிக்காகப் பாதை மாற்றும் முள்ளைச் சரிபார்க்கப் போய்விட்டார். சற்று நேரத்தில் வேறொரு ஊழியர் அரிக்கேன் விளக்குடன் ஓடிவந்து, ஒரு பையை என்னிடம் நீட்டி, பர்மிய மொழியில் புறப்படலாம் என்றார். பின்னால் கார்டின் பச்சை விளக்கும் அசைந்தது. எதிர்வண்டி எங்களுக்கு அடுத்த நிலையத்திலேயே நிறுத்தப்பட்டிருக்கும், திட்டத்தை மாற்றியிருப்பார்கள் என்றே யாரும் எண்ணக்கூடிய நிலைமை அது.

டோக்கனை எடுத்து விளக்கடியில் பிடித்துப் படித்தேன். பொறித்திருந்தவை நாங்கள் கடந்துவந்த நிலையத்தின் பெயரும் நாங்கள் நின்றுகொண்டிருந்த நிலையத்தின் பெயருமே. டிரைவர் அதை வாங்கி ஒருமுறை பார்த்தார். “இது வந்த வழிக்குச் சீட்டு, போற வழிக்கு இல்ல. யோன்பைங்கை வரச் சொல்லு தம்பி” என்றார். யோன்பைங் என்றால் பர்மிய மொழியில் நிலைய அதிகாரி. நிலைய அதிகாரி நனைந்தபடியே வந்தார். டோக்கனைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். மேசைமேல் இருந்த எங்கள் பையையே அடுத்த பிரிவுக்கான பை என்று எண்ணி அந்த ஊழியர் எடுத்து வந்திருக்கிறார். சிறிது நேரத்தில் எதிர்வண்டி மெயின் லைனில் வந்து நின்றது. முன்னே இருந்த பிரிவுக்குள் அதுவரை அந்த வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

இதேபோன்ற குழப்பம் வேல்ஸ் நாட்டின் அபெர்மூல் நிலையத்தில் 1921 ஜனவரி 26 அன்று 17 உயிர்களைக் குடித்தது என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். அங்கேயும் கருவி பழுதாகவில்லை. டோக்கனாகத் தாங்கள் கொண்டுவந்த தகட்டையே திரும்பப் பெற்றுக்கொண்டு, அதைப் படிக்காமல் வண்டியை எடுத்தார்கள். மின்கருவியோடு கூடிய அந்தத் தகட்டு முறையை எட்வர்ட் டயர் 1878இல் உருவாக்கியதற்குக் காரணமே, அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் தோர்ப் என்ற ஊரில் தந்திச் செய்திக் குழப்பத்தால் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதியதுதான். தந்தியில் நேர்ந்த குழப்பத்தைக் கருவி தீர்த்தது; கருவிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள நூறடித் தூரத்தை அது தீர்க்கவில்லை.

கருவி பழுதானால் டோக்கனுக்குப் பதிலாக எழுதித் தரும் லைன் கிளியர் தாளுக்கும் இதே கவனம் வேண்டும் என்பேன். வண்டி எண், தேதி, இரண்டு நிலையங்களின் பெயர்கள், கையொப்பம் ஆகியவற்றைப் பார்ப்பதோடு, அடித்தல் திருத்தல் இருந்தால் வேறு தாள் கேட்பது எங்கள் டிரைவரின் வழக்கம். அதனால் அவரை முசுடு என்று சில நிலைய அதிகாரிகள் ஏசுவதுண்டு. அவர் அதைப் பொருட்படுத்தியதில்லை.

அந்த நிலையத்தில் அதன்பின் ஒரு மாற்றம் வந்தது. வண்டி கொண்டுவரும் பை மேசைக்குப் போவதில்லை. நிலைய அதிகாரியே அதை வாங்கி, டோக்கனை உடனே கருவிக்குள் போட்டு, காலிப் பையைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அடுத்த மணியை அடிப்பார்.