வியன்னாவில் வயலின் வாசிக்க விடும் அறை கிடைக்குமா?

வணக்கம். சொந்த ஊர் மதுரை. வியன்னாவில் மேற்கத்திய வயலின் படிக்கிறேன். இங்கே இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது, அது நியாயம்தான். ஆனால் பகலிலேயே ஒரு மணி நேரம் தாண்டினால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிறார். (ஒரே ஸ்கேலை, அதாவது ஸ்வர வரிசையை, திரும்பத் திரும்பக் கேட்பது கொடுமைதான்.) கல்லூரிப் பயிற்சி அறைகளோ தேர்வு நெருங்கினால் காலியாக இருப்பதே இல்லை.

இசை மாணவர்களைச் சேர்க்கும் விடுதியோ, பகிர்ந்து தங்கும் வீடோ யாருக்காவது தெரியுமா? தினமும் எத்தனை மணி நேரம் வாசிக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதித் தந்தால் ரொம்ப நல்லது. கல்லூரி இருக்கும் மூன்றாவது மாவட்டத்துக்குப் போக யூ-பான் (மெட்ரோ ரயில்) நிலையம் பக்கத்தில் இருந்தால் போதும்.

அப்புறம் இன்னொன்று. ஹீட்டர் ஓட ஓட அறையின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போகிறது. வயலினுக்கு 40 முதல் 60 வரை வேண்டும். தந்திகளை முறுக்கும் பிருடைகள் சுருங்கி நழுவுகின்றன. நேற்றுப் பெட்டியைத் திறந்தால் இரண்டு தந்திகள் தொளதொளவென்று தொங்குகின்றன. பெட்டிக்குள் வைக்கும் ஈரக்குழாய் போதுமா, அறைக்கே ஹியூமிடிஃபயர் (ஈரப்பதம் கூட்டும் கருவி) வாங்க வேண்டுமா? மாணவர் கையிருப்பை மனதில் வைத்துச் சொல்லுங்கள்.