கோடையில் அடுப்பு மூட்டாமல் சூப் செய்வது எப்படி?

கேள்வி (வேலூர்):

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் குடியிருக்கிறோம். கத்தரி வெயில் தொடங்கிவிட்டால் மாலையில்கூடச் சமையலறையில் நிற்க முடிவதில்லை. வீட்டுப் பெரியவர்களும் பசி மந்தித்து, இரவில் ஒரு தம்ளர் மோரோடு படுத்துவிடுகிறார்கள். ஆகவே காய்களை வேகவைக்காமல் குளிர்ந்த சூப்பாகச் செய்து கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் தக்காளியையும் வெள்ளரியையும் மிக்ஸியில் அடித்தால் பச்சை வாடையோடு நீர்த்துப்போன சாறாகத்தான் வருகிறது. சூப்புக்குரிய திடமும் சுவையும் வர என்ன செய்ய வேண்டும்? எந்தக் காய்களைப் பச்சையாகச் சாப்பிடலாம்? மாமனாருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதால் உப்பையும் அளவோடுதான் சேர்க்க வேண்டும்.

பதில் (கோயம்புத்தூர்):

வணக்கம் சகோதரி. வேகவைக்காத சூப்பில் தீ செய்கிற வேலையை உப்பும் புளிப்பும் எண்ணெயும் நேரமும் பகிர்ந்துகொள்கின்றன. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் நீங்கள் சொல்லும் நீர்த்த சாறுதான் மிஞ்சும். கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிற தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியாப் பகுதியில் கஸ்பாச்சோ என்ற சூப் அன்றாட உணவு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து தக்காளி ஐரோப்பாவுக்கு வருவதற்கு முன்பே ரொட்டி, பூண்டு, எண்ணெய், வினிகர், தண்ணீர் ஆகியவற்றை இடித்துக் கலந்து அங்கே குடித்துவந்தார்கள்.

நான்கு பேருக்கு அரைக் கிலோ நன்கு பழுத்த தக்காளி, ஒரு சிறிய வெள்ளரி, கால் துண்டு குடைமிளகாய், ஒரு பல் பூண்டு, ஓரம் நீக்கிய ஒரு துண்டு ரொட்டி போதும். எல்லாவற்றையும் நறுக்கி, அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுப் பிசறி, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். உப்பு இழுத்துவிடும் சாறு கிண்ணத்தின் அடியில் சிவப்பாகத் தேங்கி நிற்கும். சுவையெல்லாம் அதில் இருப்பதால் கொட்டிவிடாமல் அதையே ஊற்றி அரைக்க வேண்டும், தனியாகத் தண்ணீர் தேவைப்படாது. பூண்டை மட்டும் நசுக்கி, பத்து நிமிடம் வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவிட்டுச் சேர்த்தால் அதன் பச்சைக் காரம் அடங்கிவிடும்.

மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று தேக்கரண்டி எண்ணெயை மெல்லிய இழையாக விடுங்கள். அடர்சிவப்பாக இருந்த கலவை இளம் ஆரஞ்சு நிறத்துக்கு மாறிக் கெட்டிப்படுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எண்ணெயும் சாறும் பிரியாமல் ஒன்று கலந்ததற்கு அந்த நிறமாற்றமே அடையாளம். ஆலிவ் எண்ணெய் இல்லையென்றால், செக்கு நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டியும் ஊறவைத்த முந்திரி நான்கைந்தும் சேர்ப்பது எனக்குப் பிடித்தமானது. நாட்டுத் தக்காளியாக இருந்தால் அதுவே புளிக்கும் என்பதால் வினிகரைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெங்களூர்த் தக்காளிக்கு ஒரு தேக்கரண்டி வேண்டியிருக்கும். குளிர்ந்த உணவில் உப்பு மந்தமாகத் தெரியுமாதலால் குளிரவைத்த பிறகே சுவை பாருங்கள். உங்கள் மாமனாருக்கு, குறைவாகத் தோன்றினாலும் உப்பைக் கூட்டாமல் எலுமிச்சையைக் கூட்டுங்கள்.

பதில் (ஈரோடு):

அம்மா, ஸ்பெயின் வரை போகாமலே எங்கள் கொங்குப் பகுதியில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. பச்சைப்புளி ரசம் அடுப்பில் ஏறுவதே இல்லை. கொதிக்கவைத்து ஆறிய நீரில் எலுமிச்சை அளவு புளியை ஊறவைத்துக் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். பத்துச் சின்ன வெங்காயத்தை ஒன்றிரண்டாகத் தட்டி, கீறிய பச்சை மிளகாய், கிள்ளிய கொத்தமல்லி, கறிவேப்பிலை, கொஞ்சம் உப்பு ஆகியவற்றோடு கையாலேயே அழுத்திப் பிசைய வேண்டும். வெங்காயம் துவண்டு, விரல்களில் சாறு வழுவழுப்பாகப் படியும்வரை பிசைந்தால்தான் வாசம் இறங்கும். மிக்ஸியில் அரைத்தால் வெங்காயம் கசந்துவிடும். பிறகு புளிக்கரைசலை ஊற்றி, தட்டிய மிளகும் சீரகமும் ஒரு சிட்டிகைப் பெருங்காயமும் சுண்டைக்காய் அளவு வெல்லமும் சேர்த்துக் கால் மணி நேரம் மூடி வையுங்கள். சிலர் கடைசியில் தாளித்துக் கொட்டுவார்கள், ஆனால் உங்கள் நோக்கத்துக்கு அது தேவையில்லை. சோற்றில் ஊற்றியும் சாப்பிடலாம், கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கவும் செய்யலாம்.

பதில் (மதுரை, உணவியல் துறையில் இருப்பவர்):

முன்னே சொன்ன இரண்டு முறைகளும் அருமையானவை. ஆயினும் சமைக்காத உணவில் கிருமிகளைக் கொல்லும் படியே இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. காய்களை நறுக்குவதற்கு முன், ஓடும் தண்ணீரில் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். உப்பு நீரில் ஊறவைப்பது மட்டும் போதாது. வெளியில் வாங்கும் பனிக்கட்டியைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். அறை வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருக்கும் நாட்களில் இத்தகைய சூப்பை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. தயிரோ தேங்காய்ப்பாலோ சேர்த்தது என்றால் அன்றன்றைக்கே தீர்த்துவிடுவது நல்லது.

வெள்ளரி, தக்காளி, கேரட், குடைமிளகாய், வெண்பூசணி, மாம்பழம் ஆகியவை இதற்கு ஏற்றவை. முளைகட்டிய பயறுகளின் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகள் பெருகத் தோதாக இருப்பதால், முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அவற்றை வேகவைத்தே கொடுக்க வேண்டும். பாலக் கீரையைப் பச்சையாக அரைத்து நாள்தோறும் குடிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அதில் ஆக்சலேட் மிகுதி, சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குத் தொல்லை தரும். சுரைக்காய், வெள்ளரி போன்ற காய்களில் ஒரு சிறு துண்டை முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் தூக்கி எறிந்துவிட வேண்டும். கசப்புச் சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இதற்காகவே நிபுணர் குழு அமைத்து எச்சரித்திருக்கிறது.

சத்தைப் பொறுத்தவரை, சூட்டில் அழியும் வைட்டமின் சி பச்சைச் சூப்பில் அதிகம் தங்கும் என்பது உண்மைதான். ஆனால் தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீன் என்ற சத்து, எண்ணெயோடு வேகவைத்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். ஆகவே பச்சைச் சூப்பைச் சமைத்த உணவுக்கு மாற்றாகக் கருதாமல் கோடைக்கால இரவுகளுக்கு உரியதாக வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களும், இரத்தக் கொதிப்புக்கான சில வகை மாத்திரைகளை உட்கொள்பவர்களும் தக்காளி, இளநீர் ஆகியவற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம், ஏனெனில் அவற்றில் பொட்டாசியம் மிகுதி.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாமனாரின் மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தக்காளிச் சூப்பைத் தொடங்குகிறேன். வெண்பூசணியில் செய்வதாக இருந்தால் திடம் எப்படி வரும்?

பதில் (கோயம்புத்தூர்):

வெண்பூசணியில் நீர்தான் மிகுதி. தோலும் விதையும் நீக்கித் துருவி, உப்பிட்டுப் பிழிந்த சாற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். பிழிந்த துருவலோடு ஊறவைத்த பாதாம் பத்து, ஒரு கரண்டி கெட்டித் தயிர், சிறு துண்டு இஞ்சி, கொஞ்சம் புதினா சேர்த்து அரைத்து, எடுத்து வைத்த சாற்றைத் தேவையான அளவுக்கு விட்டுக் கலந்தால் பாயசப் பதத்தில் வரும். மிக்ஸி நெடுநேரம் ஓடினால் ஜாடி சூடாகித் தயிர் திரிந்துவிடும். அதனால் விட்டுவிட்டு ஓட்டுங்கள், தயிரைக் கடைசிச் சுற்றில் மட்டும் சேருங்கள்.