தொங்கு நாடாளுமன்றம் வந்தால் சபை போதும், மன்னர் எதற்கு?

கறார்க்கணக்கு:
மன்னர் வெறும் ரப்பர் ஸ்டாம்ப், அதனால் ஆபத்தில்லை என்கிறார்கள். நெருக்கடி வந்தால் நாட்டைக் காப்பாற்றுவது அவர்தான் என்றும் அதே ஆட்கள் சொல்கிறார்கள். எது உண்மை? பிரிட்டனில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் கடைசியாக ஒப்புதல் மறுக்கப்பட்டது 1708-இல், ஆன் அரசி காலத்தில். முந்நூறு வருஷமாகத் தொடாத அதிகாரத்தை ஒரு குடும்பத்திடம் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

பழையநாணயம்:
கையெழுத்தை மட்டும் வைத்து எடை போடாதீர்கள். யாருக்கும் பெரும்பான்மை இல்லாத நாளில்தான் மன்னரின் வேலையே தொடங்குகிறது. மலேசியாவில் 2022 நவம்பர் 19 தேர்தலில், 222 இடங்களில் எந்தக் கூட்டணிக்கும் 112 வரவில்லை. நாட்டின் மன்னரான மாமன்னர் கட்சித் தலைவர்களை அழைத்துப் பேசினார், பரம்பரை மாநில ஆட்சியாளர்களைக் கலந்தார். 24-ஆம் தேதி அன்வார் இப்ராஹிம் பிரதமராகப் பதவியேற்றார். ஐந்தே நாள்! கட்சிக்காரர் ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் இரு தரப்பும் நம்பியிருக்குமா?

மூன்றாம்வரிசை:
இடையில் ஒன்று. அங்கே ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் தங்களுக்குள் ஒருவரை ஐந்தாண்டுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆயுள் முழுக்க ஒரே முடி என்ற வாதத்துக்கு மலேசியா உதவாது.

கறார்க்கணக்கு:
2022-ஐச் சொன்னவர் 2020-ஐ விட்டுவிட்டாரே. பிரதமர் மகாதீர் பதவி விலகினார். மாமன்னர் எம்.பி.க்களை அரண்மனைக்கு வரவழைத்துக் கேட்டார். மார்ச் 1-இல் முகைதீன் பிரதமரானார். சபை கூடியது மே 18-இல், அதுவும் மாமன்னர் உரைக்காக ஒரே ஒரு நாள். நம்பிக்கை வாக்கெடுப்பே நடக்கவில்லை. எண்ணிக்கை அரண்மனைக்குள் நடந்தது, சபையில் நடக்கவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான். அன்வார் 2022 டிசம்பரில் சபையில் நம்பிக்கைத் தீர்மானம் கொண்டுவந்து வென்றார் பாருங்கள், அது சரியான வழி.

சுவீடனைப் பாருங்கள். 1974-இல் புதிய அரசமைப்பு எழுதி இந்த வேலையை மன்னரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். சபாநாயகர் பெயரை முன்மொழிவார், பாதிக்கு மேல் எதிர்த்து வாக்களித்தால் அந்தப் பெயர் போயிற்று. மன்னர் அரண்மனையில் நிம்மதியாக இருக்கிறார், யாருக்கும் அவர்மேல் கோபமில்லை.

பழையநாணயம்:
அந்தச் சுவீடனில்தான் 2018 செப்டம்பரில் தேர்தல் முடிந்து, பிரதமர் தேர்வானது 2019 ஜனவரி 18-இல். நான்கு மாதத்துக்கு மேல். மலேசியாவின் ஐந்து நாளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கறார்க்கணக்கு:
பெல்ஜியத்தில் மன்னர் இருந்தார், சமரசம் பேச ஆள் மேல் ஆளாக நியமித்துக்கொண்டே இருந்தார். 2010 தேர்தலுக்குப் பிறகு அரசு அமைய 541 நாள் ஆயிற்று. நாள் கணக்குப் போட்டி வேண்டாமே.

பழையநாணயம்:
சரி, அந்தக் கணக்கை விட்டுவிடுகிறேன். ஸ்பெயினுக்கு வாருங்கள். 1981 பிப்ரவரி 23-இல் ஆட்சியைக் கவிழ்க்க வந்தவர்கள் ஆயுதத்தோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். மன்னர் ஹுவான் கார்லோஸ் நள்ளிரவுக்குப் பிறகு ராணுவச் சீருடையில் தொலைக்காட்சியில் வந்து, அரசமைப்பின் பக்கம்தான் நிற்கிறேன் என்று சொன்னார். தளபதிகள் கேட்டார்கள். அந்த ராத்திரி சபாநாயகர் எங்கே இருந்தார்? பிணைக்கைதியாக, அதே சபைக்குள்.

மூன்றாம்வரிசை:
நல்ல அடி. ஆனால் 1922-இல் இத்தாலியிலும் ஒரு மன்னர் இருந்தார். முசோலினியின் ஆட்கள் ரோமை நோக்கி வந்தபோது, ராணுவச் சட்ட ஆணையில் கையெழுத்துப் போடுங்கள் என்று பிரதமர் கேட்டார். விக்டர் இம்மானுவேல் மறுத்தார். அப்புறம் முசோலினியையே அழைத்து ஆட்சியைக் கொடுத்தார். ஆள் சரியாக அமைந்தால் ஸ்பெயின், இல்லையென்றால் இத்தாலி. இதை அரசமைப்பு ஏற்பாடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சீட்டுக் குலுக்கல் என்பேன்.

கறார்க்கணக்கு:
நல்ல எண்ணத்தோடு நடந்தாலும் சிக்கல்தான். ஆஸ்திரேலியாவில் 1975 நவம்பர் 11-இல், செனட் நிதி மசோதாவைத் தடுத்து நின்ற நேரத்தில், பிரிட்டிஷ் அரசியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் ஜான் கெர் பிரதமர் விட்லமை நீக்கி, எதிர்க்கட்சித் தலைவர் ஃப்ரேசரை அமர்த்தினார். அன்று பிற்பகலே கீழவை ஃப்ரேசர்மேல் நம்பிக்கையில்லை என்று வாக்களித்தது. அதைச் சொல்லப் போன சபாநாயகரைக் கெர் காக்க வைத்தார். அவர் உள்ளே போவதற்குள் நாடாளுமன்றம் கலைந்துவிட்டது.

பழையநாணயம்:
டிசம்பர் தேர்தலில் மக்கள் ஃப்ரேசரைப் பெரும் வெற்றியோடு தேர்ந்தெடுத்தார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம், கெர் அரசியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது 2020-இல் வெளியான கடிதங்களில் தெரிகிறது. நியமன ஆள் செய்ததை மன்னர் தலையில் கட்டக் கூடாது.

கறார்க்கணக்கு:
மக்கள் பிறகு வாக்களித்ததால் நடுவர் செய்தது சரியாகிவிடாது. கெர் கையில் எடுத்தது மகுடத்தின் பெயரில் இருந்த அதிகாரம்தான். எழுதாத அதிகாரம் யார் கையில் இருந்தாலும் இதே கதி. பிரதமர் பெயரை மன்னரே சொல்லட்டும், பத்து நாளுக்குள் சபையில் வாக்கெடுப்பு என்று மட்டும் சட்டத்தில் எழுதிவிடுங்கள். அதற்கு மேல் எனக்குச் சண்டையில்லை.

பழையநாணயம்:
அதற்கு நானும் சம்மதம். அப்படியானால் மேலே "மன்னர் எதற்கு" என்று வைத்த தலைப்பை மாற்றுங்கள்.

கறார்க்கணக்கு:
மாட்டேன். பத்து நாள் விதி எழுதப்பட்ட பிறகு கேளுங்கள்.