பிரேக் பிடித்தால் வண்டி உதறுகிறது, அவசரம்

திருமங்கலத்துக்காரன்:
வணக்கம். பிரேக் பிடித்தால் வண்டி பயங்கரமாக உதறுகிறது. அலைன்மெண்ட், பேலன்சிங் ரெண்டும் பார்த்தாச்சு, பிரயோஜனம் இல்லை. வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு பழனி போகணும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஒத்தக்கடை சேகர்:
என்ன வண்டி தம்பி? எவ்வளவு ஓடியிருக்கிறது? உதறல் ஸ்டீயரிங்கிலா, சீட்டிலா, பெடலிலா?

மாட்டுத்தாவணி மைனர்:
லோயர் ஆர்ம் புஷ் (முன் சக்கரத்தைத் தாங்கும் கையில் உள்ள ரப்பர்) போயிருக்கும். எனக்கும் இதே கதைதான், புஷ் மாற்றியதும் சரியாகிவிட்டது. வேறு எதையும் தொட வேண்டாம்.

பழைய டீசல்:
வண்டிப் பெயரைக்கூடச் சொல்லாமல் வைத்தியம் கேட்டால் யாரால் சொல்ல முடியும்? பேலன்சிங் கெட்டிருந்தால் பிரேக் பிடிக்காதபோதும் ஆடும். பிடித்தால் மட்டும் ஆடுகிற வண்டிக்கு எதற்குப் பேலன்சிங் பார்த்தீர்கள்? இந்த அடிப்படையை இங்கே பலமுறை எழுதிவிட்டேன். படித்துவிட்டு வாருங்கள்.

ஒத்தக்கடை சேகர்:
அண்ணே, பையன் அவசரத்தில் கேட்கிறான், விடுங்கள். தம்பி, விவரம் போடு.

திருமங்கலத்துக்காரன்:
ஸ்விஃப்ட் பெட்ரோல், 2016 மாடல், 70 ஆயிரம் தாண்டிவிட்டது. 80-க்கு மேல் போய்ப் பிரேக் வைத்தால் ஸ்டீயரிங் இடமும் வலமும் படபடவென்று ஆடுகிறது. டவுனுக்குள் ஒன்றும் தெரியவில்லை. போன மாதம் கொடைக்கானல் போய் வந்த பிறகுதான் இப்படி. இறங்கும்போது கருகிய வாடை வந்தது. கீழே வத்தலக்குண்டில் வாட்டர் வாஷ் விட்டோம்.

சிம்மக்கல் ரவி:
அங்கேதான் பிரச்சினை. கொதிக்கிற பிரேக் டிஸ்கில் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு) பச்சைத் தண்ணீர் பட்டால் கோணிவிடும். டிஸ்க் காலி.

பழைய டீசல்:
மழையில் ஓடும் வண்டி எல்லாம் கோணியா போகிறது? மலையில் பெடலிலேயே காலை வைத்து இறக்கியிருப்பார். டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் சூடேறி அதன் மசாலா டிஸ்கில் திட்டுத் திட்டாக ஒட்டும், தேய்மானமும் ஒரு பக்கம் கூடும். தடிமனில் 0.02, 0.03 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே ஸ்டீயரிங் காட்டிக்கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாது, மைக்ரோமீட்டர் வைத்து நாலைந்து இடத்தில் அளக்கணும்.

சிம்மக்கல் ரவி:
மழைத்தண்ணீர் வேறு, மலை இறங்கின கையோடு பிரஷர் கன்னில் அடிப்பது வேறு.

உசிலை டிரைவர்:
இதுக்குத்தான் நான் மலையில் நியூட்ரலில் இறக்குவேன். பெட்ரோலும் மிச்சம்.

ஒத்தக்கடை சேகர்:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நியூட்ரலில் வண்டியின் மொத்த பாரமும் பிரேக் தலையில்தான் விழும். இரண்டாவது, மூன்றாவது கியரில் விட்டால் எஞ்சினே இழுத்துப் பிடிக்கும். பெட்ரோலும் மிச்சமாகாது. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் எஞ்சின் சும்மா ஓடுவதற்கே (ஐடிலிங்) குடித்துக்கொண்டே இருக்கும்.

உசிலை டிரைவர்:
இருபது வருஷமாக ஓட்டுகிறேன், எனக்குக் கணக்கு தெரியும்.

ஒத்தக்கடை சேகர்:
கார்புரேட்டர் வண்டிக் கணக்கு இதற்குப் பொருந்தாது அண்ணே. அம்மா, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்குகிற பாதை, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

தம்பி, உன் விஷயம். ஸ்டீயரிங் ஆடுவதால் முன் சக்கரம் என்றுதான் படுகிறது. பின் சக்கரத்துப் பிரேக் டிரம் கோணியிருந்தால் சீட்டில்தான் அதிகம் தெரியும். உறுதி செய்ய, ஆள் இல்லாத நேரான ரோட்டில் 40-ல் போய், ஹேண்ட்பிரேக் பட்டனை அமுக்கிக்கொண்டே மெதுவாக இழு, அது பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். அப்போது உதறல் இல்லை என்றால் டிரம்மை விட்டுவிடலாம். அப்புறம் முன் சக்கரத்தைக் கழற்றி, காலிப்பர் (பேடை டிஸ்கில் அழுத்தும் பாகம்) நகர உதவும் ஸ்லைடு பின் இரண்டும் கையால் தள்ளினால் நகர்கிறதா என்று பார்க்கச் சொல். இறுகியிருந்தால் பேட் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும், புது டிஸ்க் போட்டாலும் இதே கதை திரும்பும்.

குறைந்தபட்சத் தடிமன் டிஸ்கிலேயே பொறித்திருக்கும். லேத்தில் சீவிய பிறகும் அதற்கு மேல் நிற்கும் என்றால் சீவலாம், இல்லாவிட்டால் ஜோடியாக மாற்று, பேடும் சேர்த்து. இன்னொன்று முக்கியம். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு இருந்தால் ஒயர் பிரஷ் போட்டுப் பளிச்சென்று தேய்க்கச் சொல். அங்கே ஒரு துளி துரு இருந்தாலும் விளிம்பில் டிஸ்க் ஆட்டம் கொடுக்கும். வீல் நட்டை ஏர் கன்னில் அடித்துவிடாமல், எதிரெதிராகப் படிப்படியாக, டார்க் ரென்ச்சில் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) முறுக்கணும்.

மாட்டுத்தாவணி மைனர்:
எதற்கும் புஷ்ஷையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பழைய டீசல்:
புஷ் தளர்ந்திருந்தால் உதறலைக் கூட்டிக் காட்டும், பெரும்பாலும் அதுவே உதறலுக்குக் காரணம் ஆகாது. எத்தனை தடவை சொல்வது.

பரவை முத்து:
பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். நாளாக நாளாக ஈரத்தை இழுக்கும், கொதிநிலை இறங்கிவிடும். டாட் 3 வகை ஆயில் புதுசில் 205 டிகிரி வரை தாங்கும், ஈரம் ஏறினால் 140-தான். உதறலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் மலையில் பெடல் பஞ்சு மாதிரி இறங்கினால் உயிர் போய்விடும்.

திருமங்கலத்துக்காரன்:
சேகர் அண்ணன் சொன்னபடி பார்த்தோம். இடது காலிப்பரில் கீழ்ப் பின் இறுகியிருந்தது, ஹப்பில் துரு. டிஸ்க் சீவும் அளவுக்குத் தடிமன் இல்லை. ரெண்டு பக்கமும் டிஸ்க், பேட் புதுசு. ரிங் ரோட்டில் 100 வரை போய்ப் பிடித்துப் பார்த்தேன், ஸ்டீயரிங் அசையவில்லை. நன்றி அண்ணே.

ஒத்தக்கடை சேகர்:
சந்தோஷம் தம்பி. புது பேட் படிகிற வரை அடித்துப் பிடிக்காதே. 60-லிருந்து 20 வரை நிதானமாகக் குறை, முழுசாக நிறுத்தாமல் மறுபடி வேகம் எடு, இப்படிச் சில தடவை. நடுவில் கொஞ்ச தூரம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடு. பழனிக்கு முன்னால் முடித்துவிடு.

சிம்மக்கல் ரவி:
மொத்தம் எவ்வளவு ஆச்சு தம்பி? எனக்கும் மாற்ற வேண்டியிருக்கிறது.

பரவை முத்து:
ஆயில் மாற்றினீர்களா இல்லையா? அதையும் சொல்லுங்கள்.